வாசுவின் கடைசிப் பாட்டு எது?

2024 செப்டம்பரில், பங்சார் மாமாக் கடை ஒன்றில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ' பாட்டு ஒலித்தது. பக்கத்து மேசைப் பெரியவர் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம வாசு குரல்லா இது!" என்றார். எனக்கும் சிலிர்த்துப்போனது.

மலேசியா வாசுதேவன் மறைந்தது 2011 பிப்ரவரி 20இல். இங்கிருந்து சென்னைக்குப் போய், நாட்டின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். 1980இல் 'முரட்டுக்காளை'யில் ரஜினிக்குப் பாடியவர். அனிருத் இசையமைத்த இந்தப் பாட்டில் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கியிருந்தார்கள். மகன் யுகேந்திரனும் பாடியிருந்தார்.

மறைந்தவர் பாட்டு பின்னால் வெளிவருவது புதிதல்ல. எஸ்.பி.பி. 2020இல் மறைந்தார், அவரே பாடிவைத்த 'அண்ணாத்த' பாட்டு 2021இல் வந்தது. 1997இல் இறந்த ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகவிவோஓலேயின் இசைத்தொகுப்பு 2001இல் வந்தபோது, அதிலிருந்ததும் அவர் பாடியதுதான். வாசுவோ 'மனசிலாயோ'வில் ஒரு வரிகூடப் பாடவில்லை.

ரசிப்பதில் தப்பில்லை. ஆனால் நாளைக்கு அவர் பாடல்களைப் பட்டியலிடுகிறவர்கள் இதைத் தனியாகக் குறித்து வைக்கணும். இல்லாட்டி, அவர் பாடாத பாட்டே அவருடைய கடைசிப் பாட்டாகிவிடும்.