பேரை வித்தவங்களா நாங்கள்?

புதுச்சேரியில் ஒரு கூட்டம். மேடையில் ஒரு தமிழ்ப்பற்றாளர் ரெனோன்சான்களைப் பற்றிச் சொன்னார்: "வெள்ளக்காரன் பேருக்குத் தமிழ்ப் பேர வித்தவங்க." கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. நான் அரியூர்ச் சேரியில் பிறந்தவன். தமிழில் எம்.ஏ. எங்க பாட்டனை ஊர்த்தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டே' தான். இல்லாத பேரை எப்படி விற்பது?

பிரெஞ்சுக்காரன் சாதியை ஒழிக்க வந்தவன் அல்ல. இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பது என்று 1819 சனவரி 6இல் ஆணையே போட்டான். 1848இல் ஓட்டு வந்தபோதும் சாதிச் சட்டம் அப்படியே இருந்தது. இந்த நிலையில்தான் 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் செருப்போடு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். தடுத்தார்கள். வழக்கு பாரீஸ் உயர்மன்றம்வரை போய் அவர் பக்கம் தீர்ப்பானது. அவர் வெள்ளாளக் கிறித்தவர். அவர் செருப்புக்குப் பாரீசில் நீதி கிடைத்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த நம்மவர்கள் வழக்குப் போட எந்தப் படியேறுவார்கள்?

1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு வழியைத் திறந்தது. சாதி வழக்கத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பேரைப் பதிந்தால், பிரெஞ்சு உரிமையியல் சட்டம் உனக்கும் பொருந்தும். எழுதியதைத் திரும்ப வாங்க முடியாது. பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' ஆனார். கதவு என்று பொருள். அந்தக் கதவுக்குள் போனவர்களில் பெரும்பகுதி கிறித்தவர்களும் சேரி மக்களும். சாதி இந்துக்கள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றார்கள். துறப்பதற்கு அவர்களிடம் சொத்தும் மரியாதையும் இருந்தன. நம்மவர்கள் துறந்தது இழிவை.

பண்பாட்டை இழப்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. ருமேனியாவில் எமில் சியோரான் என்றொரு சிந்தனையாளர் இருந்தார். சின்ன நாட்டில், ஐரோப்பா கண்டுகொள்ளாத பண்பாட்டில் பிறந்ததை அவமானமாக நினைத்தவர். 1936இல் 'ருமேனியாவின் உருமாற்றம்' எழுதி, தன் தேசம் வரலாற்றில் பெரிதாக எழ வேண்டும் என்றார். இட்லரை வியந்தவர். அந்தப் புத்தகத்தில் யூதர்களுக்கு எதிரான பக்கங்களும் இருந்தன. 1990 மறுபதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார். அடுத்த ஆண்டே, 1937இல், பாரீசுக்குப் போனார். பிறகு தாய்மொழியை விட்டுப் பிரெஞ்சில் எழுதி உலகப் பேர் வாங்கினார். அவரை மொழி மாறிய மேதை என்கிறார்கள். சைகோனுக்குக் கப்பலேறிய சேரிக்காரனை மட்டும் துரோகி என்கிறார்கள். சியோரானுக்குத் தன் தேசம் சிறியது என்று வெட்கம். நமக்கோ தேசமே நம்மை உள்ளே சேர்த்ததில்லை. தேசத்தைப் பெரிதாகக் கனவு காண்கிறவர்கள் யாரையாவது வெளியே தள்ளிவிட்டுத்தான் காண்கிறார்கள். அங்கே யூதர், இங்கே சேரி.

இதனால் பிரெஞ்சுக்காரனுக்கு மாலை போட வேண்டியதில்லை. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தான்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். துறந்தவனையும் ஐரோப்பியனோடு சேர்க்கவில்லை. 1899இல் நடுப்பட்டியலையும் எடுத்து, துறந்தவர்களில் பெரும்பாலோரை மற்ற இந்தியரோடு தள்ளினான். சமத்துவம் காகிதத்தில் வந்தது, காகிதத்திலேயே தேய்ந்தது. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இந்தோசீனாவுக்குப் போனவர்கள் உத்தியோகத்திலும் சம்பளத்திலும் ஐரோப்பியனுக்குச் சமம் கேட்டுப் போராடினார்கள். அது வால்பிடித்தல் அல்ல, உரிமை கேட்டல்.

1954 அக்டோபர் 18இல் எங்கள் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. காலனி ஆட்சி போகத்தான் வேண்டும். ஆனால் சுற்றி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "எந்தக் கொடின்னாலும் சரி, எங்களப் பேரு சொல்லிக் கூப்புடுமா?" என்றிருப்பார்கள்.

மேடையில் பேசிய அய்யாவுக்கும் என் பதில் அந்தக் கேள்விதான். எங்களுக்கு மரியாதையான பேரை ஊர் தந்திருந்தால், கடல்தாண்டி வந்தவனிடம் நாங்கள் ஏன் கேட்டிருப்போம்?