குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்

தைத் திங்கள் முதல் நாள் மாலையில் பெங்களூர்க் கவிபுரத்துக் குகைக் கோயிலில் நம்மவர் பலர் கூடுவதுண்டு. மேற்கே சாயும் கதிரவனின் ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே நுழைந்து கங்காதரேசுவரரின் இலிங்கத் திருமேனியில் படியும் காட்சி அத்தகையது. ஆயினும் அங்கே ஞாயிறு வழிபட வந்த அடியவன், மூலவன் அல்லன். அவனே மூலவனாய் நிற்கும் திருக்கோயிலைக் காணச் சோழநாட்டிற்குச் செல்லவேண்டும்.

கும்பகோணத்திற்கு அப்பால், ஆடுதுறையை அடுத்துள்ள சூரியனார் கோயிலே அது. உஷாதேவி, சாயாதேவி இருவரும் உடன் விளங்க, இரு கைகளிலும் தாமரை ஏந்தி மேற்கு நோக்கி நிற்கிறான் பகலவன். எதிரே குரு பகவான். சிவாலயத்தில் நந்தி இருக்குமிடத்தில் இங்கே குதிரை! பிற கோயில்களில் ஒரே மேடையில் நெருங்கி நிற்கும் கோள்கள் இங்கே தத்தமக்கெனத் தனிச் சந்நிதிகள் கொண்டுள்ளன. திருமங்கலக்குடிப் பிராணநாதரை முதலில் வணங்கி, பின்னரே இங்கு வருதல் மரபு.

பரிகாரத்திற்கென விரைவோர் கேளாது திரும்பும் செய்தி ஒன்றுண்டு. கல்வெட்டு இக்கோயிலைக் குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம் என்றே குறிக்கிறது. முதற் குலோத்துங்கனின் (1070–1120) தந்தை, வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியனான இராசராச நரேந்திரன், திங்கள் மரபினன். தாய் அம்மங்கைதேவியோ கங்கைகொண்ட இராசேந்திரனின் மகள், ஞாயிற்று மரபினள். இவ்விரு மரபும் அவனிடத்து இணைந்ததைச் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் பேசும். இவ்வாறு பரிதி குலத்தோரின் அரியணையில் மகள் வயிற்றுப் பேரன் அமர்ந்தான். பரிதிக்குத் தன் பெயரால் கோயிலும் எடுத்தான்.

வரலாற்றறிஞர் வேறொரு காரணம் காட்டுவர். ஞாயிற்று வழிபாட்டில் ஈடுபாடுடைய கன்னோசிக் காகடவாலரின் மரபுவரிசை, குலோத்துங்கனின் 41ஆம் ஆட்சியாண்டில் கங்கைகொண்டசோழபுரத்துக் கல்லில் பொறிக்கப்பெற்றது. அவர்தம் உறவே இவ்வழிபாட்டிற்குத் தூண்டுகோல் என்பது அன்னார் கருத்து. நாம் அதனை மறுக்கவில்லை. எனினும் தெலுங்கு நாட்டு அரசமனையின் மகனொருவன் தாய்வழி உரிமையை நிலைநாட்ட விழைந்ததையும் எண்ணிப் பார்த்தல் தகும். தெருவில் கன்னடம் பேசி வளரும் நம் பிள்ளைகள் ‘நமக்கு எந்த ஊர்?’ என வினவும்போது, நாமும் தாத்தாவின் ஊரைத்தானே சொல்கிறோம்! அவனுக்குச் சொல்லக் கல் இருந்தது.

இரதசப்தமி இங்குச் சிறப்பான நாள். பெங்களூரில் இரவு இரயிலேறினால் காலையில் கும்பகோணம் சேரலாம். செல்வோர் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்க. அருச்சனைக்கு முன்னரோ பின்னரோ, கட்டியவன் கதையையும் அவர்களுக்குச் சொல்லுக.