ஒரே நீர், வேறு வேறு கனி

அருள்மறையின் 13ஆம் அத்தியாயமான அர்ரஃதின் நான்காம் வசனம் ஒரு வேளாண் நிலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதிகள், திராட்சைத் தோட்டங்கள், பயிர்கள், ஒரே அடியிலிருந்து கிளைத்தவையும் தனித்து நிற்பவையுமான பேரீச்ச மரங்கள் ஆகியவற்றை அது எடுத்துரைக்கிறது. அனைத்துக்கும் பாய்வது ஒரே நீர்தான். ஆயினும் கனியின் சுவையில் ஒன்று மற்றொன்றை விஞ்சி நிற்கிறது. சிந்திக்கும் மக்களுக்கு இதில் சான்றுகள் உள்ளன என்னும் கருத்துடன் வசனம் நிறைவுறுகிறது.

நீர் ஒன்றாயிருக்கக் கனி ஏன் வேறாகிறது? இவ்வினா உழவருக்கும் உரியது; ஆய்வாளருக்கும் உரியது. இதற்கு மனிதர் தேடிய விடைகளின் வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது. செடியின் உடலுக்குள் வேறுபாடுகள் மறைந்து கிடக்கின்றன என்பதையும், வெப்பம் போன்ற நெருக்கடிகள் அவற்றை வெளிக்கொணரக்கூடும் என்பதையும் உணர்த்திய அத்தியாயம் அது. அதனை ஈண்டு நாம் காண்போம்.

முஸ்லிம் உலகில் செடிகளின் வேறுபாட்டை நுணுகி நோக்கியோர் பலர். ஹிஜ்ரி 282இல் (கி.பி. 895) மறைந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி 'கிதாபுந் நபாத்' என்னும் பெருநூலை இயற்றினார். அதன் ஒரு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. இழந்த பகுதிகள் பலவற்றைப் பிற்கால நூல்களிலுள்ள மேற்கோள்களிலிருந்து திரட்டி, 1973இல் கெய்ரோவில் வெளியிட்டார் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். 11ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செவில்லைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில் 585 தாவரங்களைப் பற்றி எழுதினார். முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. செவில்லை அடுத்த அஷ்ஷரஃப் மேட்டுநிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றையும் பதிவு செய்தார்.

இவ்வறிஞர்களின் நூல்களுக்கு முன்பே பேரீச்சை வளர்த்தோர் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். நல்ல மரத்தின் கொட்டையை ஊன்றினால் அதே கனி கிடைப்பதில்லை. முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிவிடும். எஞ்சிய பெண் மரங்களின் கனியும் தாய் மரத்தின் கனியை ஒத்திராது. மாறாக, அடிமரத்தில் தோன்றும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால் தாயின் கனியே மீண்டும் கிடைக்கும். எனவே ஒரு மரம் தன் தோற்றத்தில் காட்டுவதைவிட அதிகமானவற்றைத் தன்னுள் சுமந்து நிற்கிறது. இது நூலறிவாகும் முன்பே கையறிவாக இருந்தது.

இக்கையறிவைக் கோட்பாடாக்கும் முயற்சியில் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜோஹான்சனுக்குத் தனியிடம் உண்டு. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் அவரைச் செடியின் ஒரே விதையிலிருந்து பெருகிய வழித்தோன்றல்களை அவர் தனித்தனியே வளர்த்தார். ஒரே வழியில் வந்த விதைகளுள் பெரியவையும் இருந்தன, சிறியவையும் இருந்தன. ஆனால் பெரிய விதையை ஊன்றினாலும் சிறிய விதையை ஊன்றினாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை. 1903இல் வெளியான இந்த ஆய்வு, கண்ணால் காணும் வேறுபாடு அனைத்தும் மரபுவழி வருவதன்று என மெய்ப்பித்தது. 1909இல் 'ஜீன்' என்ற சொல்லை வழங்கியவரும், அகத்திலுள்ள மரபமைப்பு வேறு, புறத்தில் தெரியும் தோற்றம் வேறு எனப் பிரித்துக் காட்டியவரும் அவரே.

ஜோஹான்சன் காட்டியது, அகம் ஒன்றாயிருக்கப் புறம் வேறுபடும் நிலை. இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு. அகம் வேறுபட்டிருந்தும் புறம் ஒன்றாகத் தோன்றுவது எவ்வாறு? இதற்கான முதல் தடயம் செடியிலன்றி ஈயில் கிடைத்தது.

1942இல் பிரிட்டானிய உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் ஒரு கருத்தை முன்வைத்தார். மழைநீர் வாய்க்கால் வழியே ஓடுவதுபோல உயிரின் வளர்ச்சியும் ஆழப்பட்ட தடங்களில் ஓடுகிறது. சிறுசிறு மரபு வேறுபாடுகள் அத்தடத்தை எளிதில் மாற்றிவிடுவதில்லை என்றார் அவர். பின்னர் பழ ஈயின் கூட்டுப்புழுக்களைச் சில மணி நேரம் 40 பாகை வெப்பத்தில் வைத்தார். அவற்றுள் சில, சிறகின் குறுக்கு நரம்பு இல்லாத ஈக்களாக வெளிவந்தன. அத்தகையவற்றையே தேர்ந்து பெருக்கியபோது, சில தலைமுறைகளுக்குப் பின் வெப்பம் ஊட்டாமலேயே அந்தக் குறை தோன்றலாயிற்று. 1953இல் வெளியான இம்முடிவைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டனர். வெப்பம் புதிய மரபைப் படைத்துவிடவில்லை; ஏற்கெனவே உள்ளே கிடந்த வேறுபாட்டைத் தேர்வின் பார்வைக்குக் கொண்டுவந்தது. இதுவே வாடிங்டனின் விளக்கம். ஆனால் அதுவரை அவ்வேறுபாட்டை மறைத்து வைத்திருந்தது எது என்பதற்கு அன்று விடையில்லை.

விடைக்கான மற்றொரு நூலிழை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கிடைத்தது. ஃபெருச்சியோ ரித்தோஸ்ஸா என்ற ஆய்வாளர் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களை ஆராய்ந்து வந்தார். உடன் பணிபுரிந்த ஒருவர் வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை உயர்த்திவிட்டார். அதன் பின் நோக்கியபோது, குரோமோசோமில் முன்பு காணாத இடங்களில் புடைப்புகள் தோன்றியிருந்தன. குறிப்பிட்ட சில ஜீன்கள் வெப்பத்தால் விழித்தெழுந்து செயற்படுகின்றன என்பதற்கு அது அடையாளம். இதனை அவர் 1962இல் வெளியிட்டார். அந்த ஜீன்கள் உருவாக்கும் புரதங்கள் 1974இல் இனங்காணப்பட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப் பெயர் பெற்றன. 1981இல் ஜோ கீயும் அவர்தம் குழுவினரும் சோயா நாற்றுகளில் இவற்றை விரிவாக ஆராய்ந்தனர். 28 பாகையிலிருந்து 40 பாகைக்கு மாற்றப்பட்ட நாற்றுகள் வழக்கமான புரதங்களின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு இப்புரதங்களை மிகுதியாக உண்டாக்கின. 40 பாகையில் பழக்கப்பட்ட நாற்று, பின்னர் அதனினும் கடுமையான வெப்பத்தையும் தாங்கிற்று.

இப்புரதங்களின் பணியைச் சற்று விளக்குவோம். புரதம் என்பது நீண்ட இழை. அது உரிய வடிவில் மடிந்தால்தான் செயற்படும். வெப்பம் மிகுந்தால் மடிப்புக் குலையும். அவ்வேளையில் துணைநின்று மடிப்பைக் காப்பவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இவற்றுள் எச்.எஸ்.பி.90 என்பது தனித்தன்மை உடையது. நெருக்கடி இல்லாத காலத்திலும் உயிரணுவின் மொத்தப் புரதத்தில் 1 முதல் 2 விழுக்காடு வரை அது இருக்கிறது. வளர்ச்சிக்கான செய்திகளைக் கடத்தும் புரதங்களையும், செடிகளில் நோயெதிர்ப்புக்குரிய உணர்விகளையும் தாங்கிப் பிடிப்பது அதன் அன்றாடப் பணி. ஜீனில் நேர்ந்த சிறு மாற்றத்தால் ஒரு புரதம் சற்றே தளர்ந்திருந்தாலும், எச்.எஸ்.பி.90இன் துணை இருக்கும்வரை அக்குறை வெளியே தெரிவதில்லை. வெப்பம் உயரும்போது துணை வேண்டி நிற்கும் புரதங்கள் பெருகிவிடுகின்றன. அப்போது அனைத்துக்கும் அதன் கை எட்டுவதில்லை. மறைந்திருந்த மாற்றங்கள் தோற்றத்தில் வெளிப்படுகின்றன.

இவ்விரு நூலிழைகளையும் முடிச்சிட்டவர்கள் சூசன் லிண்ட்குவிஸ்டும் சுசான் ரூதர்ஃபோர்டும் ஆவர். எச்.எஸ்.பி.90 குறைந்த பழ ஈக்களில் கண், சிறகு, கால் முதலிய உறுப்புகளில் பல்வேறு மாறுபாடுகள் தோன்றுவதையும், அவை அந்தந்த ஈயின் மரபுவழியைப் பொறுத்தவை என்பதையும் 1998இல் அவர்கள் வெளியிட்டனர். செடியிலும் இவ்வாறு நிகழுமா என்ற வினாவுக்கு 2002இல் கிறிஸ்டீன் குவைட்ச், டாட் சாங்ஸ்டர் ஆகியோருடன் லிண்ட்குவிஸ்ட் விடை தந்தார். அவர்கள் தேர்ந்தது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடி. தாவரங்களுள் முதன்முதலில், 2000ஆம் ஆண்டில், முழு மரபுத்தொகுதியும் படித்தறியப்பட்டது இச்செடிக்கே. எச்.எஸ்.பி.90இன் செயலை ஒரு மருந்தால் தணித்தபோது சில வகைகளில் இலையின் வடிவம் மாறிற்று; சிலவற்றில் ஊதா நிறம் ஏறிற்று; சிலவற்றில் வேரின் போக்கு மாறிற்று. ஊட்டிய மருந்து ஒன்றே. விளைவோ ஒவ்வொரு வகைக்கும் வேறு. மருந்து மாற்றத்தைப் படைத்திருந்தால் எல்லா வகைகளிலும் ஒரே மாற்றம் தோன்றியிருக்க வேண்டும். மாற்றத்தின் வித்து அந்தந்த வகையின் மரபிலேயே இருந்தது என்பதற்கு இதுவே சான்று. இத்தகைய மறைந்த வேறுபாடு அச்செடியில் பரவலாக உண்டென அதே குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின.

எனினும் இதனை இறுதிச் சொல்லாகக் கொள்ளலாகாது. எச்.எஸ்.பி.90 குறையும்போது மரபுத்தொகுதிக்குள் இடம்பெயரும் துணுக்குகள் கிளர்ந்தெழுந்து புதிய மாற்றங்களையே உண்டாக்கக்கூடும் என 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பழ ஈயில் காட்டினர். எனவே வெளிப்படுவன அனைத்தும் பழைய வேறுபாடுகளே எனச் சொல்வதற்கில்லை. மறைந்தவை வெளிப்பட்டால் அவற்றுள் பல செடிக்குத் தீங்காகவே முடியும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. சோதனைச்சாலையில் கண்டது இயற்கையின் நெடிய வரலாற்றில் எத்துணைப் பங்கு வகித்தது என்பது இன்றும் விவாதத்துக்கு உரியதே.

இங்கு நம் மரபில் நன்கறியப்பட்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பனூ ஃபஸாரா குலத்தவர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாகக் கூறினார். சொல்லில் ஐயம் தொனித்தது. நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை வினவினார்கள். செந்நிறம் என்றார் அவர். அவற்றிடையே சாம்பல் நிறத்தவை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அந்நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, முன்னோர் வழியின் ஏதோ ஓர் 'இர்க்' இழுத்திருக்கலாம் என அவரே விடை சொன்னார். அக்குழந்தைக்கும் அவ்வாறே நேர்ந்திருக்கலாம் என்றார்கள் நபியவர்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. 'இர்க்' என்ற அரபுச் சொல்லுக்கு நரம்பு என்றும் வேர் என்றும் பொருளுண்டு. அன்று அந்த உரையாடலைப் பொறுத்து நின்றவை ஒரு தாயின் மானமும் ஒரு குழந்தையின் வம்சமும் ஆகும். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளிக்க ஒருவர் முற்பட்டபோது, அவரது அன்றாட அனுபவத்திலிருந்தே அதற்குத் தடை எழுப்பப்பட்டது.

இதனைக் காட்டி, எச்.எஸ்.பி.90ஐ நபிமொழி முன்னரே அறிவித்துவிட்டது என உரிமை கொண்டாடுவது நமக்குத் தகாது. அறிவியல் கோட்பாடுகள் திருத்தம் பெறுபவை. நேற்றைய முடிவு 2010இல் ஐயத்துக்குள்ளானதை மேலே கண்டோம். மாறக்கூடியதன்மீது மாறாததைச் சாய்த்து வைப்பது மார்க்கத்துக்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் நன்மையன்று. மதீனாவின் பேரீச்சை மகரந்தச் சேர்க்கை பற்றி முஸ்லிம் தொகுப்பில் உள்ள நபிமொழி, உலகியல் தொழில்களின் நுட்பத்தை அத்தொழில் செய்வோரின் அறிவுக்கே விட்டுவைத்தது. அந்த வாயில் வழியே சென்றால்தான் இப்னுல் அவ்வாமின் பதிவுகளுக்கும் இன்றைய ஆய்வுகளுக்கும் நாம் உண்மையான மதிப்பை அளிக்க முடியும்.

இவ்வரலாறு நமக்கு வைக்கும் பொறுப்பு வேறு. ஒன்றுபோல் தோன்றும் விதைகளுக்குள் ஒன்றல்லாத மரபு இருக்கலாம் என்றால், பயனற்றதெனத் தோற்றத்தால் ஒதுக்கப்படும் ஒரு நாட்டு வகையை இழப்பது, நாம் இன்னும் காணாத ஒன்றை இழப்பதாகிவிடும். சிரியாவின் அலெப்போவை அடுத்து வறள்நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு மையத்தின் விதைக் கருவூலம் இருந்தது. கோதுமையும் வாற்கோதுமையும் பருப்பு வகைகளும் முதன்முதலில் பயிராகிய நிலப்பரப்பின் வித்துகள் அங்கு காக்கப்பட்டன. உள்நாட்டுப் போர் அதனை முடக்கியது. ஆயினும் அதன் மறுபடிகள் நார்வேயின் ஸ்வால்பார்டு பனிமலைக் கிடங்கில் முன்னரே சேமிக்கப்பட்டிருந்தன. 2015இல் அவற்றுள் சுமார் 38,000 மாதிரிகள் மீட்டெடுக்கப்பட்டு லெபனானிலும் மொரோக்கோவிலும் மீண்டும் விதைக்கப்பட்டன. அக்கிடங்கிலிருந்து விதைகள் திரும்பப் பெறப்பட்டது அதுவே முதன்முறை. அங்கு விளைந்தவற்றில் ஒரு பகுதி 2017 முதல் மீண்டும் ஸ்வால்பார்டுக்கு அனுப்பப்பட்டது.

புவி வெப்பமுற்று வரும் இக்காலத்தில் அந்த வித்துகளுள் எது எந்த நெருக்கடியில் எதனை வெளிப்படுத்தும் என்பதை இன்று எவரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. அதனாலேயே அவற்றைக் காப்பது கடமையாகிறது. நம் முன்னோர் கனியின் சுவையிலும் கன்றின் இயல்பிலும் கண்டு வியந்த வேறுபாடு, நாம் கண்டதோடு முடிந்துவிடவில்லை. காணாதிருப்பதன் அளவை முற்றும் அறிந்தவன் இறைவன் ஒருவனே.