மூன்று புட்டிகள்

பாலில் தண்ணீர் கலப்பவனுக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை. குழந்தை குடிக்கிற பாலில் கை வைக்கிறவன் தண்டனைக்கு உரியவன்தான். ஆனால் அவனைத் தண்டிக்க எழுந்த சட்டத்தின் சரித்திரத்தைப் படித்தபோது, அதில் ஓர் அருமையான குணத்தைக் கண்டேன். திருடன் என்று சந்தேகப்பட்டவன் கையிலேயே சாட்சியத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிற குணம் அது!

1875-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம், பரிசோதனைக்கு வாங்கிய பொருளை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை விற்றவனிடமே தர ஏற்பாடு செய்தது. நம் நாட்டின் 1954-ஆம் வருஷத்து உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் அதே வழியில் சென்றது.

சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு வரும் பால்காரரை இன்ஸ்பெக்டர் நிறுத்துவார். பாலுக்கு விலை கொடுப்பார். மூன்று புட்டிகளில் ஊற்றி, கெடாமலிருக்க ஃபார்மலின் விட்டு, அரக்கு முத்திரை வைப்பார். ஒரு புட்டி சர்க்கார் பரிசோதகருக்கு, ஒன்று இன்ஸ்பெக்டர் வசம், மற்றொன்று பால்காரருக்கு. பரிசோதகர் கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய மற்றச் சத்தையும் அளப்பார். அளவு குறைந்தால் கலப்படந்தான். "எனக்குத் தெரியாது, ஐயா" என்றால் சட்டம் கேட்காது. 1964-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, சாதாரணமாகக் குறைந்தது ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம்!

இவ்வளவு கடுமைக்கு நடுவே பால்காரருக்கு இருந்த ஒரே துணை அந்தப் புட்டிதான். கோர்ட்டில் மனுச் செய்து அதைக் கல்கத்தாவிலுள்ள மத்திய உணவுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அங்கே கிடைக்கும் முடிவு முதல் பரிசோதகரின் முடிவைத் தள்ளிவிடும்.

ஆனால் பாலும் தயிரும் கோர்ட்டு வாய்தாவுக்குக் காத்திருக்குமா? டில்லியில் ஒரு தயிர் வியாபாரியிடம் 1961 செப்டம்பரில் மாதிரி எடுத்தார்கள். வழக்குப் போட்டதோ 1962 மே மாதத்தில். அவருடைய புட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினால், "கெட்டுப்போயிற்று, சோதிக்க இயலாது" என்று பதில் வந்தது. விடுதலையானார். நகரசபை சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 1966-ல் கோர்ட்டு, வழக்குத் தொடுத்தவர்களின் தாமதத்தால் அவருடைய உரிமை பறிபோனது என்று சொல்லி, விடுதலையை உறுதி செய்தது.

உடனே கலப்படக்காரர்களுக்கெல்லாம் வழி பிறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். குஜராத்திலிருந்து வந்த ஒரு பால் வழக்கில், 1971-ல் அதே கோர்ட்டு, புட்டியை அனுப்பும்படி மனுவே கொடுக்காதவர் பிறகு குறை கூற முடியாது என்றது.

1976-ல் பால்காரர் கைப் புட்டி போய்விட்டது. இரண்டு பங்குகள் உள்ளூர்ச் சுகாதார அதிகாரியிடம் இருக்கும். அறிக்கை கிடைத்த பத்து நாளுக்குள் மனுச் செய்தால் ஒன்று மேல் பரிசோதனைக்குப் போகும் என்று திருத்தினார்கள். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதிரியை நான்காகப் பிரித்தது. வியாபாரி கேட்டால், தம் செலவில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம்.

கலப்படம் செய்தவன் தப்புவது சமூகத்துக்குக் கேடு. சந்தேகமில்லை. ஆனால் எட்டு மாதம் கோப்பைத் தூங்கவிட்டு, பிறகு ஏழையின் புட்டி கெட்டுப்போயிற்று என்று கையை விரிப்பதும் ஒரு கலப்படந்தான். பாலில் தண்ணீர் கலந்தால் அளந்து கண்டுபிடிக்கக் கருவி உண்டு. நியாயத்தில் தண்ணீர் கலந்தால், அதைக் கண்டுபிடிக்க விழிப்புள்ள ஒரு கோர்ட்டுதான் உண்டு.