அறுப்பின் பண்டிகை

அறுப்பின் பண்டிகை: விளைச்சலின் முதற்பலனை இறைவனுக்குப் படைக்கும் விவிலிய மரபு விழா. பழங்கால இஸ்ரவேலில் பஸ்காவையொட்டி வாற்கோதுமையும், ஏழு வாரம் கழித்துப் பெந்தெகொஸ்தேயின்போது கோதுமையும் அறுவடையாயின. கூடாரப் பண்டிகை திராட்சை, ஒலிவ விளைச்சலின் நிறைவு. வயலோரத்தை முற்ற அறுக்காமலும் சிந்திய கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பது லேவியராகம விதி (23:22). மோவாபியப் பெண் ரூத் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கியது இவ்வுரிமையால்தான். இம்மரபின் அறக்கருவும் இதுவே. அறுப்பு உருவகமாகவும் வரும்: மத்தேயு 13:39-இல் அது உலகின் முடிவைக் குறிக்கிறது. கேரளத்தில் 'ஆத்யபலப் பெருநாள்' எனப்படும் இவ்விழாவில் தென்னிந்தியத் திருச்சபையினர் விளைபொருளைக் காணிக்கையாகக் கொணர்ந்து, ஆலய வளாகத்தில் ஏலம் விடுவர். விளைபொருள் வட்டாரத்துக்கேற்ப மாறும்: பாலக்காட்டுச் சமவெளியின் முதன்மை விளைச்சல் நெல்; இடுக்கி மலைகளில் ஏலக்காய், மிளகு, தேயிலை.