1934ஆம் ஆண்டின் மலேரியாக் கொள்ளைநோய்

1934ஆம் ஆண்டிலே தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் ஓட்டமிழந்து குட்டைகளாயின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. ஒக்டோபரில் மூண்ட காய்ச்சல், 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது.

வரண்ட வலயத்தார் இந்நோயுடன் தலைமுறைகளாகப் பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஈரவலயக் கிராமத்தாருக்கோ அஃது இல்லை. ஆயினும், நுளம்பை மாத்திரம் பழித்தல் நேர்மையன்று. உலகப் பொருளாதார மந்தத்தாலும் வரட்சியாலும் பசித்திருந்த உடல்களையே நோய் எளிதில் வீழ்த்தியது. கொயினா அக்காலத்தில் அறியப்படாத மருந்தன்று. வைத்தியசாலைக்குப் பல மைல் நடக்கவேண்டிய கிராமத்து நோயாளிக்கு அது எட்டாக்கனியாயிருந்தது. சூரியமல் இயக்கத்தினர் மருந்தும் உணவுஞ் சுமந்து வீடுவீடாகச் சென்றமைக்குக் காரணம் இதுவே.

1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆதலின், வாக்காளர் துயரை அரசாங்க சபையினர் புறக்கணித்தல் அரிதாயிற்று. கிராமப்புறங்களில் மருந்துச்சாலைகளும் சிறு வைத்தியசாலைகளும் பெருகின. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாயிற்று. இதனிடையே, 1946இல் ஆயிரவர்க்கு 20.3 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. இஃது முற்றும் டீ.டீ.ரீ. தெளித்ததன் பயனே என்பாரும் உளர். மருந்துச்சாலை ஊருக்கு அண்மையில் வந்ததையும் உணவு சீர்பட்டதையும் அன்னார் கணக்கிற் சேர்ப்பதில்லை.