லயத்து வாசலில் கதை

மலேசியாவின் கெடா மாநிலத் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தின் கரங்கானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. டப்ளின் தோட்டம் அவற்றுள் பேர்போனது. கங்காணிகள் எனும் மேஸ்திரிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்ப்பது, 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் நின்றது. அதற்குள் திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு ஜில்லாக்காரர்கள் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாகியிருந்தார்கள். அவரவர் ஊர்க் கதைகளும் வாசலில் ஒன்று கலந்தன.

விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு ரப்பர்ப் பால்வெட்டு. மின்சாரம் எட்டாத அந்தக் காலத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உள்ள நேரம் கதைக்கு உரியது. கேட்பவர் ‘ம்’ கொட்ட வேண்டும் என்பது எழுதாச் சட்டம். ‘ம்’ நின்றால் கதையும் நிற்கும். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று பாட்டி எழுந்துவிடுவாள். மதுரை வீரன், காத்தவராயன், நல்லதங்காள் கதைகளின் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏழு பிள்ளைகளும் கிணற்றில் விழும் இடத்தில் பெண்கள் ஒவ்வொரு தடவையும் அழுதார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதும் உண்டு. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழும் இப்படித்தான் பலருடைய காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோட்ட வாழ்வைப் பற்றிய எழுத்தில் துயரமே முன்னிற்கிறது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகிய நாவல்கள் இரண்டும் அதற்குச் சான்று. துயரம் பொய்யல்ல, ஆனால் சிரிப்பும் அதே வாசலில்தான் இருந்தது. கூத்தில் வரும் கோமாளியான கட்டியங்காரனுக்கு உள்ளூர்ப் பெரியவர்களைக் கிண்டலடிக்கும் உரிமை உண்டு. தோட்டத்தில் அந்தப் பெரியவர்கள் கங்காணியும், எழுத்தரான கிராணியும், தோட்ட நிர்வாகியான துரையும்தான். பகலில் நிமிர்ந்து பார்க்க முடியாதவனை இரவில் கேலி செய்ய வேஷம் துணை நின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதைகளில் வலியவரை ஏய்க்கும் முயல் செய்ததும் இதைத்தான். எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் தம் சொந்த ஊரான ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் கடைத் திண்ணையில் சொல்லப்பட்ட கதைகளைத் திரட்டி, 1935இல் நூலாக்கினார். தோட்டத்துச் சிரிப்புக்கு அப்படி ஒரு பதிவு வாய்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போர்க்கால ஜப்பானியர் ஆட்சி புதிய கதைகளைக் கொண்டுவந்தது. 1942-43இல் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குத் தோட்டத்து ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். திரும்பியவர்கள் வாய்வழிச் செய்தியே, திரும்பாதவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே தகவலாகப் பல வீடுகளில் அமைந்தது. போருக்குப்பின், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்து, கெடாத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது. 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த மக்களிடையே ஓர் இயக்கம் இத்தனை விரைவாகப் பரவ, கூடி உட்கார்ந்து கேட்கும் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தது, பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல். அதைச் சமாளிக்க மலாயா இந்தியர்களின் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்; சங்கம் வாங்கிய முதல் தோட்டமும் கெடாவின் புக்கிட் சிடிம்தான். ஆனால் கதைக்கு உரிய இரவை வானொலியும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் கூலிம், சுங்கைப் பட்டாணி நகரங்களின் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் பிரிந்தன. கதை சொல்வது இன்று தமிழ்ப்பள்ளிகளில் போட்டியாக நடக்கிறது; மனப்பாடம் செய்த கதையை, குறித்த நிமிடங்களுக்குள், நடுவர்கள் முன் மாணவர் சொல்லி முடிக்கிறார்.